பழைய விளையாட்டும் அதன் பக்கவாத்தியமும்

கொல்லிமலைத் தலைவனான வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடி, புறநானூற்றில் 152-ஆம் எண் பெற்று நிற்கும் பாட்டில், யானையை வீழ்த்திய ஓர் அம்பு அவ்வளவில் ஓய்ந்துவிடாமல் புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பின்மேல் போய்த் தைக்கிறது. அதைக் கண்ட பாணர் கூட்டமோ, எய்தவன் இன்னான் என்பது உறுதிப்படுவதற்கு முன்னரே, முழவுக்கு மண் பூசி, யாழைச் சுருதி கூட்டி, இருபத்தொரு துறைகளையும் முறை வழுவாமல் பாடி முடித்துவிடுகிறது. இதே மலையில், நெருங்கி வரும் அசுரரைத் தன் சிரிப்பினால் மயக்கி உயிர் வாங்கும் கொல்லிப்பாவை என்னும் பதுமை இருந்ததாகவும் ஐதிகம் உண்டு. குறிபார்த்து எய்வதும், அசுர வதமும், இரண்டுக்கும் இசைந்த பக்கவாத்தியமும் ஒருங்கே அமைந்த ஒரு கணினி விளையாட்டைப் பற்றி எழுத நேர்ந்தபோது, அதைத் தொடங்குவதற்கு இம்மலையைவிடப் பொருத்தமான இடம் எனக்கு அகப்படவில்லை.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிச் செம்மேட்டை அடைந்தால், அங்கே என் அக்காள் மகன் ஒருவன் மிளகுக் கொடிகளுக்கும் காப்பிச் செடிகளுக்கும் நடுவே குடியிருக்கிறான். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பின்போது அவனுக்குக் கிடைத்த கணினி, விசைப்பலகையில் இரண்டு எழுத்துகள் உதிர்ந்து போயும், மின்கலம் அரைமணி நேரத்துக்கு மேல் தாங்காமலும், இன்னமும் உயிரோடு இருக்கிறது. அதில் 'டூம்' என்ற விளையாட்டின் ஒரே களத்தை மூன்று வெவ்வேறு மென்பொருள்களில் அடுத்தடுத்துத் திறந்து காட்டினான். முதலாவதில் சித்திரம் பெரிய கட்டங்களாகவும் இசை கரகரப்பாகவும் இருந்தன; இரண்டாவதில் சித்திரம் சற்றுக் கூர்மைப்பட்டு, இசையில் நிஜக் கிதாரின் சாயல் தெரிந்தது; மூன்றாவதிலோ சுவர்களின்மேல் வண்ண வெளிச்சம் படர, பெரியதொரு வாத்தியக் கோஷ்டியே உள்ளே உட்கார்ந்து வாசிப்பதாகத் தோன்றியது. "மாமா, இதுல எதுங்க நெஜமான டூம்?" என்று கேட்டான். "மூணுந்தான் கண்ணு" என்றேன். அந்தப் பதில் அவனுக்குத் திருப்தி தரவில்லை என்பதை முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஆகையால் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து மெஸ்கீட் நகரில் இயங்கிவந்த இட் சாஃப்ட்வேர் என்ற சிறு ஸ்தாபனம், 1992-இல் 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி' என்ற விளையாட்டினால் பெயர் பெற்று, அடுத்த ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி 'டூம்' விளையாட்டை வெளியிட்டது. முதல் அத்தியாயத்தின் ஒன்பது களங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டு அத்தியாயங்கள் வேண்டுமானால் பணம் அனுப்பிப் பெற வேண்டும் என்பது ஏற்பாடு. ஜான் கார்மாக் எழுதிய நிரலும், ஜான் ரொமெரோவும் சாண்டி பீட்டர்ஸனும் அமைத்த களங்களும், ஏட்ரியன் கார்மாக்கும் கெவின் கிளவுடும் தீட்டிய உருவங்களும், பாபி பிரின்ஸ் இயற்றிய இசையும் சேர்ந்து, 386 சில்லும் 4 மெகாபைட் நினைவகமும் கொண்ட சாதாரண யந்திரத்தில், 320-க்கு 200 புள்ளிகள் கொண்ட திரையில், விநாடிக்கு 35 அடிவைப்புகளாக ஓடின. அண்ணாந்து பார்க்கவோ குதிக்கவோ அதில் வழி கிடையாது. இவ்வளவு குறுகிய எல்லைக்குள் அமைந்த ஒரு வஸ்து முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் ஆடப்பட்டு வருவதற்குக் காரணம் பலர் பல விதமாகச் சொல்லுவார்கள். என் அபிப்பிராயத்தில் அதன் கர்த்தாக்கள் செய்த ஒரே ஒரு தர்மகாரியம்தான் முக்கிய காரணம்.

1997 டிசம்பர் 23-ஆம் தேதி அந்த விளையாட்டின் மூலநிரல் முழுவதையும் அவர்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1999-இல் அது குனூ பொது உரிமத்தின் கீழ் வந்ததனால், எவரும் அதை எடுத்துத் திருத்தி, தம் திருத்தத்தையும் அவ்வாறே பிறருக்கு வழங்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. ஆனால் அந்தத் தானத்தில் ஓர் ஊனம் இருந்தது. டாஸ் யந்திரங்களில் ஒலியையும் இசையையும் எழுப்பிய டிஎம்எக்ஸ் என்னும் பகுதி, பால் ராடெக் என்பவர் எழுதி, உரிமத்தின்பேரில் வாங்கப்பட்டதாகையால், அதை வெளியிட இட் ஸ்தாபனத்துக்கு அதிகாரம் இல்லை. ஆகவே டாஸ் நிரலுக்குப் பதிலாக லினக்ஸ் நிரலே வெளிவந்தது. அதில் இசைக்குரிய இடங்களில் பெயரளவுக்குச் சில வரிகள் இருந்தனவே தவிர, பாட்டு எழவில்லை. அந்த மூலநிரலைக் கையில் எடுத்த ஒவ்வொருவரும் இசையைத் தாமாகவே எங்கிருந்தாவது கொண்டுவந்து சேர்க்க வேண்டியதாயிற்று. எந்த இசைக்கருவியைச் சேர்ப்பது என்ற கேள்வி இன்றும் ஆடுகிறவனுடைய தலையில் வந்து விடிவதற்கு இதுவே ஆதி காரணம்.

மூலநிரலை இவ்வாறு திருத்தி, இன்றைய கணினிகளில் ஓடும்படி செய்த மென்பொருளுக்குத்தான் சோர்ஸ் போர்ட் என்று பெயர். இதில் புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. டூம் என்பது இரண்டு பாகம்: ஓட்டுகின்ற நிரல் ஒன்று, களங்களும் சித்திரங்களும் இசைக்குறிப்புகளும் அடங்கிய வாட் என்ற கோப்பு மற்றொன்று. திறந்துவிடப்பட்டது நிரல் மட்டுமே. வாட் கோப்பை இன்றும் விலை கொடுத்தே வாங்க வேண்டும். 2024 ஆகஸ்டில் நைட்டைவ் ஸ்டூடியோஸ் புதுப்பித்து வெளியிட்ட டூம் முதல் இரண்டு பாகங்களின் கூட்டுப் பதிப்பை வாங்கினால், பழைய வாட் கோப்புகளும் அதனோடு கைக்கு வந்துவிடும். பணம் செலவிட மனமில்லாதவர், இலவசமாக வழங்கப்பட்ட முதல் அத்தியாயத்தோடு நிற்கலாம். அல்லது, ஆர்வலர்கள் சித்திரம், ஓசை, களம் அனைத்தையும் சொந்தமாக உண்டாக்கித் தொகுத்திருக்கும் ஃப்ரீடூமை எடுத்துக்கொள்ளலாம். ஃப்ரீடூம் அழகில் மூலத்துக்கு ஒரு படி கீழேதான் என்றாலும், மலைக்கு மேல் விட்டுவிட்டுக் கிடைக்கும் கைப்பேசி அலையில் இறக்கிக்கொள்ளக் கூடிய அளவில் இருப்பதும், திருட்டுப் பிரதி என்ற உறுத்தல் இல்லாமலிருப்பதும் சாமானியமான சௌகரியங்கள் அல்ல.

சோர்ஸ் போர்ட்டுகள் அநேகம். அவற்றை வம்சாவளியாகப் பார்த்தால்தான் தெளிவு பிறக்கும். ஒரு கோடியில் நிற்பது, சைமன் ஹோவர்ட் 2005-இல் தொடங்கிய சாக்லேட் டூம். இது எதையும் மேம்படுத்துவதில்லை; மேம்படுத்தாமலிருப்பதையே விரதமாகக் கொண்டது. பழைய நிரலில் ஒரே காட்சியில் தரையும் கூரையுமாக 128 பரப்புகளுக்கு மேல் தென்பட்டால் விளையாட்டு அப்படியே விழுந்துவிடும் என்பது ஒரு பிழை. சாக்லேட் டூமில் அந்தப் பிழைகூடப் பத்திரமாக இருக்கிறது. பைத்தியக்காரத்தனம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அந்நாளில் ஒருவர் ஆடிப் பதிவு செய்த ஆட்டத்தை இன்றைக்கு மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டுமானால், இந்த விரதம் இல்லாமல் முடியாது. ஏனென்றால் அந்தப் பதிவில் இருப்பது படம் அல்ல, எந்த க்ஷணத்தில் எந்த விசை அழுத்தப்பட்டது என்ற கணக்கு மட்டுமே. அசுரனொருவனின் நடையில் அணுவளவு மாற்றம் நேர்ந்தாலும் வீரன் சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்பான்.

அதே வம்சத்தில் ஃபேபியன் கிரெஃப்ராத் உண்டாக்கிய கிரிஸ்பி டூம், சுபாவத்தை மாற்றாமல் வசதிகளை மட்டும் கூட்டுகிறது: புள்ளிகள் இரட்டிப்பாகின்றன, 128 பரப்பு என்ற தளை அறுக்கப்படுகிறது, 35 அடிவைப்புகளுக்கு இடையில் இடைக்காட்சிகள் நிரப்பப்பட்டு அசைவு வழுக்கிச் செல்லுகிறது. இன்னொரு கிளை, டீம் டிஎன்டி என்ற குழு 1998-இல் வெளியிட்ட பூம் என்னும் போர்ட்டிலிருந்து புறப்பட்டது. களம் அமைப்பவர்களுக்குப் புதிய பொறிகளையும் ஓடும் தரைகளையும் கொடுத்தது அதுதான். லீ கில்லோவின் எம்பிஎஃப், பிறகு பிஆர்பூம், இன்று டிஎஸ்டிஏ-டூம், வூஃப் ஆகியவை அதன் வழித்தோன்றல்கள். டிஎஸ்டிஏ-டூம் மிகக் குறைந்த நேரத்தில் களத்தை முடிப்பவர்களின் ஆயுதம். வூஃப் நிதானமாக ஆடுகிறவர்களுக்கு உகந்தது. மூன்றாவது கிளை ராண்டி ஹைட் 1998-இல் தொடங்கிய இசட்டூம். அதிலிருந்து கிறிஸ்டோஃப் ஓயெல்கெர்ஸ் உண்டாக்கிய ஜிஇசட்டூமில் மேலும் கீழும் பார்க்கலாம், குதிக்கலாம், வண்ண விளக்குகளை ஏற்றலாம், தனி நிரல்மொழியில் புத்தம் புதிய விளையாட்டையே எழுதிவிடலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? அன்பர்கள் பலர் ஜிஇசட்டூமையே முதலில் சொல்லுவார்கள். வசதிகள் அதிகம் என்பதும் உண்மைதான். ஆனால் அதை முதலில் எடுக்க வேண்டாம் என்பது என் யோசனை. குதிக்க இடம் கொடுத்துவிட்டால், குதிக்க முடியாது என்ற நம்பிக்கையில் பழைய கர்த்தாக்கள் அமைத்த பள்ளங்களும் தடைகளும் அர்த்தமற்றுப் போகின்றன. மேலும் அதன் நவீன வரைகலை, பழைய மடிக்கணினியின் சில்லுக்குச் சுமையாகிறது. சித்திரத்தை மழுங்கலாக்கும் வடிகட்டி வேறு. அது இயங்கிக்கொண்டிருந்தால் முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள், ஏட்ரியன் கார்மாக் புள்ளி புள்ளியாக வைத்த கோரப்பற்கள் மெழுகாக உருகுவதைப் பார்க்கச் சகிக்காது. முதன்முறை ஆடுகிறவருக்குக் கிரிஸ்பி டூம் அல்லது வூஃப் போதும். அதன்பின் பிறர் அமைத்த களங்களை இறக்கும்போது, ஒவ்வொன்றோடும் வருகிற சிறு உரைக்கோப்பைப் படிப்பதை வழக்கமாகக் கொள்ள வேண்டும். இது பூமுக்கு ஏற்றது, இது எம்பிஎஃபுக்கு உரியது, இது ஜிஇசட்டூமில் மட்டும் ஓடும் என்று அமைத்தவரே எழுதியிருப்பார். அந்த ஒரு வரியைப் படிக்காத காரணத்தால், திறக்காத கதவின் முன்னால் மணிக்கணக்கில் நிற்கும் இளைஞர்கள் ஏராளம்.

டூமைப் போலவே மற்றப் பழைய சுடும் விளையாட்டுகளுக்கும் இத்தகைய போர்ட்டுகள் உண்டு; கென் சில்வர்மன் எழுதிய பில்ட் எஞ்சினில் ஓடிய 'ட்யூக் நியூகெம் 3டி'யின் நிரல் 2003-இல் வெளிவர, அதிலிருந்து இட்யூக்32 பிறந்தது; 'குவேக்' நிரல் 1999 டிசம்பரில் வெளிவர, அதிலிருந்து குவேக்ஸ்பாஸம் முதலிய பல பிறந்தன. ஆனால் வாத்தியத்தைப் பற்றிய கேள்வி டூமில்தான் ருசிகரமாக இருக்கிறது. ஆகவே அதற்கு வருகிறேன்.

டூமின் வாட் கோப்பில் இசை ஒலியாக இல்லை. இன்ன வாத்தியம், இன்ன சுரம், இன்ன வேகத்தில், இவ்வளவு அழுத்தமாக என்ற குறிப்புகளாகவே இருக்கிறது. மிடி என்ற பொதுமுறையைச் சுருக்கி எழுதிய மஸ் என்ற வடிவம் அது. ஆடி மாதம் 17, 18 தேதிகளில் செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழாவில் மெல்லிசைக் குழு ஒன்று சினிமாப் பாட்டை வாசிக்கும்போது, சுரங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் அமைந்தவையாகவே இருக்க, வயலின்களுக்குப் பதிலாகக் கீபோர்டில் ஏற்றிவைத்த வயலின் ஓசையே நம் காதில் விழுகிறது அல்லவா? அதே சமாசாரம்தான் இது. குறிப்பு ஒன்றே, அதை வாசிக்கும் கருவி, ஆடுகிறவனுடைய கணினியைப் பொறுத்து மாறிவிடும். 1991-இல் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி என்ற நியமம், 128 வாத்தியங்களுக்கு நிலையான எண்களைக் கொடுத்து, தாளவாத்தியங்களுக்குப் பத்தாவது தடத்தை ஒதுக்கி, 30-ஆம் எண் என்றால் ஓவர்டிரைவ் கிதார், 31 என்றால் டிஸ்டார்ஷன் கிதார் என்று எல்லா யந்திரங்களும் ஒத்துக்கொள்ளும்படி செய்தது. ஆனால் அந்தக் கிதார் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை அது நிர்ணயிக்கவில்லை.

தொழிலால் வழக்கறிஞரான பாபி பிரின்ஸ், இந்த இசையை அமைத்தபோது கையாண்டவை 1991-இல் வெளிவந்த எஸ்சி-55 பெட்டியை மூத்ததாகக் கொண்ட ரோலண்ட் ஸவுண்ட் கேன்வாஸ் வகைக் கருவிகள். நிஜ வாத்தியங்களின் ஓசையைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து உள்ளே அடக்கியிருந்த எஸ்சி-55, ஒரே சமயத்தில் 24 குரல்கள் வரை எழுப்பும். விலையோ சாதாரணக் குடும்பத்தாருக்கு எட்டாதது. டூமை ஆடியவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இருந்தது, 1987-இல் வந்த ஆட்லிப் அட்டையிலும் அதன்பின் 1989-இல் வந்த ஸவுண்ட் பிளாஸ்டர் அட்டையிலும் பொருத்தப்பட்ட யமஹாவின் ஓபிஎல்2 சில்லு. இதில் பதிவு செய்த ஓசை என்று எதுவும் கிடையாது. ஓர் அலையை மற்றோர் அலையால் குலுக்கிப் புதுப்புது ஓசைகளை உண்டாக்கும் முறையை ஸ்டான்ஃபர்டில் ஜான் சவுனிங் 1967-இல் கண்டுபிடிக்க, அதன் உரிமையை யமஹா பெற்று, அதையே மலிவான சில்லாக வார்த்தது. ஒன்பது குரல்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டே அலைகள், அவ்வளவுதான் அதன் சொத்து. டூமின் வாட் கோப்புக்குள் ஜென்மிடி என்ற ஒரு பகுதி இருக்கிறது. 128 வாத்தியங்களையும் 47 தாள ஓசைகளையும் இந்தச் சில்லில் எப்படிக் குலுக்கி எடுப்பது என்ற செய்முறை அதில் அடங்கும். சாக்லேட் டூமில் என் மருமகன் கேட்ட கரகரப்பு, இன்றைய கணினியில் அந்தச் சில்லைப் பாவனை செய்து எழுப்பிய ஓசையே.

இப்போது அவன் கேள்வியின் சிக்கல் புலப்படும். கர்த்தா கேட்டது ஒன்று. ரசிகர்கள் கேட்டது வேறொன்று. சிறுவயதில் ஓபிஎல் சில்லில் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு அந்தக் கரகரப்பே டூம்; மற்றதெல்லாம் வேஷம். இயற்றியவன் செவியே பிரமாணம் என்பவருக்கு ரோலண்ட் ஒன்றே டூம். இரண்டு கட்சியிலும் நியாயம் இருப்பதால் இந்த வழக்கு தீராது. இரண்டையும் சிறுவயதில் கேட்டிராத கொல்லிமலை இளைஞனுக்கோ இந்தப் பழம்பகையில் பங்கு கிடையாது. அவன் சுதந்திரமாகத் தன் செவியைக் கொண்டு தேர்ந்தெடுக்கலாம். அது ஒரு விதத்தில் பாக்கியமே.

அந்தத் தேர்வுக்கு வழி செய்ததில், தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூருக்குப் பெரும் பங்குண்டு. ஸவுண்ட் பிளாஸ்டரை உலகுக்குக் கொடுத்த கிரியேட்டிவ் டெக்னாலஜி, சிம் வோங் ஹூ என்பவர் 1981-இல் சிங்கப்பூரில் நிறுவியது. அந்நிறுவனம் 1993-இல் அமெரிக்காவின் ஈ-மூ சிஸ்டம்ஸை விலைக்கு வாங்கி, அடுத்த ஆண்டே ஏடபிள்யூஇ32 என்ற அட்டையை வெளியிட்டது. சவுண்ட்ஃபான்ட் என்ற வடிவம் இதனோடு பிறந்தது. ரோலண்ட் பெட்டியில் வாத்திய ஓசைகள் நிரந்தரமாக உள்ளே அடைபட்டிருந்தன. சவுண்ட்ஃபான்ட்டிலோ அவை ஒரு கோப்பாக வெளியே வந்துவிட்டன. பதிவு செய்த ஓசைத் துண்டுகள், எந்தத் துண்டு எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரம் வரைக்கும், நீண்ட சுரத்துக்கு எந்த இடத்தை மீண்டும் மீண்டும் சுற்றுவது, ஓசை எப்படி எழுந்து எப்படி அடங்குவது என்னும் விவரங்கள் யாவும் அக்கோப்பில் இருக்கும். கோப்பை மாற்றினால் வாத்தியக் கோஷ்டி முழுவதும் மாறிவிடும். அட்டைகள் வழக்கொழிந்துவிட்டன; கோப்பு வடிவம் மட்டும் நிலைத்துவிட்டது. ஃப்ளூயிட்சிந்த் என்ற இலவச மென்பொருள் அட்டையின் வேலையைத் தானே செய்வதனால், பெரும்பாலான போர்ட்டுகள் அதைத் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அமைப்புப் பக்கத்தில் இசைக்கு அதைத் தேர்ந்து, சவுண்ட்ஃபான்ட் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டால் தீர்ந்தது.

கோப்புகளில் எது நல்லது என்று கேட்பவர்கள் முதலில் அதன் கனத்தைப் பார்க்கிறார்கள்; இது வீண் மயக்கம். விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் மைக்ரோஸாஃப்ட் ஓசைத்தொகுதி ரோலண்டிடமிருந்து பெற்றது. 3 மெகாபைட் சுமாருக்குள் அடங்கும். டூம் அதில் தட்டையாகத்தான் ஒலிக்கும், ஆயினும் சுரங்களுக்கிடையே சமநிலை கெடாது. ஃபிராங்க் வென் தொகுத்த ஃப்ளூயிட்ஆர்3 ஏறக்குறைய 140 மெகாபைட்; பியானோவும் தந்திவாத்தியங்களும் அதில் இனிமை, ஆனால் டிஸ்டார்ஷன் கிதார் மட்டும் என் செவிக்குச் சாதுவாகப்படுகிறது; டூமுக்குச் சாதுவான கிதாரைக் கொண்டு என்ன செய்ய? மாக்ஸிம் அபே தொகுத்த அரக்னோவும் கனத்தில் அதை ஒத்ததே. அதன் கிதாருக்கு உரமுண்டு, முரசுக்கு நெஞ்சை இடிக்கும் வலிமையுண்டு, ஆனால் மெதுவான பாட்டுகளில் கொஞ்சம் அதிகமாகவே ஆரவாரம் செய்கிறது. கிறிஸ்டியன் காலின்ஸின் ஜெனரல்யூஸர் ஜிஎஸ் சுமார் 30 மெகாபைட்டே. ஆனால் ஒரு வாத்தியம் மற்றொன்றை விழுங்காதபடி அளந்து அமைக்கப்பட்டிருப்பதால், பழைய மடிக்கணினிக்கு அதையே முதலில் சிபாரிசு செய்வேன். எஸ்சி-55-இன் ஓசைகளைப் பதிவு செய்து ரசிகர்கள் தொகுத்த சவுண்ட்ஃபான்ட்டுகளும் உலாவுகின்றன. கர்த்தாவின் செவியை நாடுகிறவர்கள் அவற்றைத் தேடிப் போகிறார்கள்.

தேர்ந்தெடுக்கும் முறை ஒன்று சொல்லுகிறேன். முதல் அத்தியாயத்தின் முதல் களத்தில் வரும் 'அட் டூம்ஸ் கேட்' என்ற பாட்டை மட்டும் கேட்டு முடிவு செய்யலாகாது. அது வேகக் கிதாரை நம்பிய பாட்டு, எந்தக் கனத்த கிதாரும் அதில் எடுபட்டுவிடும். ஐந்தாம் களத்து 'சஸ்பென்ஸ்' என்ற மெதுவான பாட்டையும், எட்டாம் களத்து 'சைன் ஆஃப் ஈவில்' என்பதையும் கேட்க வேண்டும். அங்கேதான் பின்னணியில் நீளும் ஓசைகள் இருளை விரிக்கின்றனவா அல்லது சினிமாச் சோககீதமாக வழிகின்றனவா என்பது தெரியும். மூன்றையும் கேட்கும்போது ஓசையின் அளவு ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது அவசியம். சற்று உரத்து ஒலிப்பதை மனித செவி உயர்ந்ததென்று நினைத்துவிடுவது இயல்பு, சவுண்ட்ஃபான்ட்டுகளோ அளவில் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை. ஃப்ளூயிட்சிந்த்தில் எதிரொலியைக் கூட்டும் வசதியைப் பாதிக்கு மேல் குறைத்துவிடலாம். அசுரன் கதவுக்குப் பின்னால் உறுமுவது காதில் விழாமற்போனால் உயிர் போவது நமக்குத்தான். ஒரே சமயத்தில் எழும் குரல்களின் எண்ணிக்கை வழக்கமாக 256 என்றிருக்கும். யந்திரம் திணறினால் அதை 64 ஆக்கலாம், எஸ்சி-55 இருபத்து நான்கிலேயே காலம் தள்ளியதை நினைத்துக்கொண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாற வேண்டாம். குவேக் விளையாட்டின் இசை, டிரென்ட் ரெஸ்னரின் நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழு ஒலிப்பதிவு செய்து குறுந்தட்டில் பாட்டாகவே வைத்தது. அங்கே சவுண்ட்ஃபான்ட்டை எத்தனை மாற்றினாலும் ஓசை துளியும் மாறாது.

இனி நம்முடைய வாத்தியங்களின் கதை. ஜெனரல் மிடியின் 128 இருக்கைகளில் 105-ஆம் இடத்தில் சிதார் இருக்கிறது, 112-ஆம் இடத்தில் ஷெனாய் இருக்கிறது. நாகசுவரம் இல்லை, வீணை இல்லை, மிருதங்கம் இல்லை, பறை இல்லை. நியமத்தை வகுத்தவர்கள்மேல் இதற்காகக் கோபித்துப் பயனில்லை. ஆனால் சவுண்ட்ஃபான்ட் பூட்டப்படாத கோப்பாகையால் இந்தக் குறையை நாமே நீக்கிக்கொள்ளலாம் என்பதை நம்மவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. பாலிஃபோன் என்ற இலவச மென்பொருளில் ஜெனரல்யூஸரைத் திறந்து, ஷெனாயின் ஓசைத் துண்டுகளை எடுத்துவிட்டு நாகசுவரத்தை வைப்பதற்கு, பொறுமையையும் நல்ல பதிவுகளையும் தவிர வேறு மூலதனம் வேண்டியதில்லை. தாளவாத்தியம் இன்னும் எளிது. பத்தாவது தடத்தில் 35 முதல் 81 வரையுள்ள ஒவ்வொரு சுர எண்ணும் ஒரு தனித் தாள ஓசை. 36 என்றால் பெரிய முரசு, 38 என்றால் சிறு முரசு.

இதைக் கேட்டதும் மருமகன் பேசாமல் எழுந்து போய், ஊரில் பறை அடிப்பவர் ஒருவரிடம் கேட்டு, தனித்தனி அடிகளாகக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு வந்தான். கனத்த அடியை 36-இலும், ஓரத்தில் விழும் குச்சியின் அடியை 38-இலும் ஏற்றி, முதல் களத்தைத் திறந்தபோது, கிதார் ஒரு பக்கம் ஓட, பறை அதன் பின்னால் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தது. "என்னங்க மாமா, தாளம் பிந்துது?" என்றான். பதிவின் முகப்பில் அடிக்கு முன்னால் கிடந்த துளி மௌனமே அதற்குக் காரணம். அலையின் சித்திரத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அடி எழும் புள்ளி வரைக்கும் வெட்டியவுடன் தாளம் நேராயிற்று. அடுத்து வந்தது வேறொரு தொல்லை: ஒவ்வோர் அடியும் பாதியில் அறுந்தது. தாளத் தடத்தில் சுரங்கள் எழுதப்பட்டிருப்பது இமைப்பொழுதுக்குத்தான். சுரம் முடிந்தது என்ற குறிப்பு வந்ததும் ஃப்ளூயிட்சிந்த் ஓசையை அடக்கிவிடுகிறது. பாலிஃபோனில் ஓசை அடங்குவதற்கான காலத்தை நீட்டி வைத்த பிறகே தோலின் அதிர்வு முழுமையாகக் கேட்டது. பறையோடு அந்தப் பாட்டு எப்படி இருந்தது என்பதை நான் வர்ணிக்கப் போவதில்லை. பாபி பிரின்ஸ் ஆட்சேபிக்க மாட்டார் என்று மட்டும் நம்புகிறேன். இப்போது 41 முதல் 50 வரையுள்ள டாம் முரசுகளின் இடத்துக்கென்று, அறப்பளீசுவரர் கோயில் பக்கத்தில் தவில்காரர் யாராவது கிடைப்பாரா என்று அவன் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.